அன்று தண்ணீர் உறைந்திருந்தது

ஐலிவ் சாமிக்கு, உங்கள் பழைய பங்கின் பிள்ளை ஆஸ்லௌக் முழந்தாளிட்டு எழுதுவது.

நீங்களும் தீவு மடத்தில் உள்ள மற்றத் துறவிகளும் சுகமாயிருக்க வேண்டும். இங்கே யாருக்கும் சுகமில்லை. அப்பா உறங்கிவிட்டார். அடுப்புத் தணல் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோபிக்காதீர்கள்.

துறவிகள் மடத்துக்குள் திரும்ப வேண்டும் என்று ஆயர் உத்தரவு போட்டு உங்களை அழைத்துக்கொண்டதிலிருந்து கோயில் பூட்டியே கிடக்கிறது. புதுச் சாமி மலைக்கு அந்தப் பக்கமிருந்து மாதம் ஒரு தடவை வருகிறார். "சாகுறதுன்னா அவர்கிட்ட முன்னாடியே சொல்லி நாள் குறிக்கணும் போல" என்கிறார் மீன்காரர் ஸ்வைன். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை எனக்குத் தம்பி பிறந்தான். நீலம் பாரித்திருந்தான், அழவில்லை. மருத்துவச்சி ரன்டி அவனை என் கையில் திணித்துவிட்டு அம்மாவிடம் திரும்பினாள். "இவளுக்கு ரத்தம் நிக்கல, நான் அசைய முடியாது. சாமிகிட்ட படிச்சவ நீதானே! பேர் சொல்லி ஞானஸ்நானம் ஊத்துடி!" என்று கத்தினாள். வாளித் தண்ணீர் கல்லாக உறைந்திருந்தது. கைக்கு எட்டியது அம்மாவுக்காகச் சூடாக்கிய பீர்க் குவளைதான். ஊற்றினேன். ஹல்வார்ட் என்று பெயர் வைத்து, நீங்கள் பழக்கிய வார்த்தைகளை ஒன்றுகூட விடாமல் சொன்னேன். பூனைக்குட்டி போல ஒரு சத்தம் போட்டான். அதன்பிறகு மூச்சில்லை.

பீர் என்று யாருக்கும் தெரியாது. களஞ்சியத்தில் கிடத்த எடுத்துப் போகும்போது அம்மா அவனை வாங்கி முகர்ந்தாள். "ஏன்டி, புள்ள தலையில பீர் வாசம் வருது?" என்றாள். என் கை வாசம் என்றேன்.

அம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. "எம்புள்ள ஞானஸ்நானம் வாங்கிட்டுத்தான் போயிருக்கான். கண்ண மூடுனா நேரா அவன்கிட்டதான்" என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை புதுச் சாமி வருகிறார். எதை ஊற்றினாய் என்று கேட்டுத்தான் புதைக்க விடுவார். தூரா அக்காவின் குழந்தைக்கு ஞானஸ்நான வார்த்தை தப்பிவிட்டது என்று கல்லறை வேலிக்கு வெளியே, ஆட்டுப்பட்டியை ஒட்டிப் புதைக்க வைத்தார். பீர் என்று சொன்னால் தம்பியும் அங்கேதான். அம்மா அதைத் தாங்க மாட்டாள். தண்ணீர் என்று சொன்னால் இவர்களை ஏமாற்றலாம். ஆனால் அம்மா மேலே போய்த் தேடுவாளே, அவன் அங்கே இல்லாவிட்டால்?

"கடல் தண்ணி, மழைத் தண்ணி, சேத்துத் தண்ணி, எதுவானாலும் கடவுளுக்குத் தண்ணிதான்" என்று சொன்னீர்கள். பீரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதிலும் முக்கால்வாசி தண்ணீர்தானே, சாமி?

விடிந்ததும் ஸ்வைன் கருவாடு ஏற்றிக்கொண்டு மடத்துக்குப் படகு விடுகிறார். இதை அவரிடம் தருவேன். உங்களை வெளியே விடமாட்டார்கள், தெரியும். நான் ஊற்றியது செல்லும் என்றால் ஒரு வரி எழுதுங்கள். செல்லாது என்றால் எழுத வேண்டாம். படகு வெறுமனே வரட்டும்.

இப்போதுதான் களஞ்சியத்துக்குப் போய்விட்டு வந்தேன். பனியை உருக்கி அவன் தலையைத் திரும்பத் திரும்பக் கழுவினேன். வார்த்தைகளையும் சொன்னேன். செத்தவர்களுக்கு அது செல்லாது என்று நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். தெரிந்தேதான் சொன்னேன். வாசம் இன்னும் போகவில்லை.

உங்கள் பூசையில் ஹல்வார்ட் என்று ஒரு தடவையாவது சொல்லுங்கள், சாமி. மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாலும் போதும்.

உங்கள் ஆசீரை வேண்டி,
ஆஸ்லௌக்