ஜாமீன் போட்டவள்

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. கூட்டுறவு சங்கத்தில் நீ வாங்கப்போகும் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டு நேற்று அண்ணி வந்தாள். நீ வரவில்லை. வந்திருந்தால் உள்ளே விட்டிருக்க மாட்டேன்.

முன்பு தையல் மெஷின் வாங்க அதே சங்கத்தில் நானும் கடன் கேட்டேன். நம்பிக் கொடுக்கலாமா என்று விசாரிக்க வந்த அதிகாரியிடம், பஞ்சர் ஒட்டிக்கொண்டே, "தெரிஞ்சவங்க, அவ்வளவுதான். எதை நம்பிச் சொல்றது?" என்றாய். நான் உன் கடை வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாய்.

அப்புறம் கந்துவட்டிக்காரனிடம் போனேன். வட்டி குட்டி போட்டது. கடைசியில் மெஷினையே அவன் தூக்கிப்போனான். ஊரே வேடிக்கை பார்த்தது, நீ ஷட்டரை இறக்கிக்கொண்டாய்.

இப்போது ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறேன். மாதச் சம்பளம் வந்ததும் உனக்குத் தங்கை ஞாபகம் வந்துவிட்டது.

அதே வட்டிக்காரன் உன் வாசலிலும் வந்து நிற்கிறானாம். அண்ணி அழுதாள். அவளுக்காக இன்று காலை சங்கத்துக்குப் போனேன்.

"இவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார் புது அதிகாரி.

"தெரிஞ்சவர், அவ்வளவுதான்."

"நல்லதாப் போச்சு. கூடப் பிறந்தவங்க ஜாமீன் இங்க செல்லாதும்மா" என்றார்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். தவணை தவறினால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள். பிடித்தால் உன் கடைக்கு வருவேன். அன்று ஷட்டரை இறக்கினாலும் விடமாட்டேன்.

இப்படிக்கு,
தெரிந்தவள்