கிரைண்டரில் போகாத விரல்கள்

என் பிலோ அக்கா,

நீ போய் அடுத்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. நம் தொழிற்சங்கத்தின் மாத இதழில் உன்னைப் பற்றி ஒரு பக்கம் போடுகிறார்களாம். "நீதான் எழுதணும் சித்தி. அம்மா கூடவே இருந்தது நீதானே" என்று உன் மகள் ஜெனி சொல்லிவிட்டாள். நாலு நாளாக எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் நல்ல சேதி. உன் நஷ்டஈட்டு வழக்கில் ஆணை வந்துவிட்டது. உன் வலது கையின் இரண்டு விரல்களும் கம்பெனி வேலையில்தான் போயின என்று தொழிலாளர் துணை ஆணையர் எழுதிவிட்டார். நீ ஆசைப்பட்டதும் அதைத்தானே? "காசு கெடக்குதுடி கலா. நான் வூட்ல கையை வுட்டுக்கினேன்னு எழுதி வெச்சிக்கிறாங்களே, அத்த மொதல்ல மாத்தணும்" என்பாய்.

அப்படி எழுத வைத்தவளே நான்தான்.

எர்ணாவூரில் டப்பாவுக்கு மூடி அடிக்கும் அந்தக் கம்பெனியில் நீ பிரஸ் மிஷினில் இருந்தாய். நான் உங்கள் லைனுக்கு சூப்பர்வைசர். அடிபட்ட அன்று ஆட்டோவில் உன் கையைத் துண்டால் சுற்றி என் மடியில் வைத்திருந்தேன். ஏறும்போதே மேனேஜர் என் காதருகில் சொல்லியனுப்பியிருந்தார்: "வூட்ல கிரைண்டர்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லு. கம்பெனின்னு சொன்னா கேஸாயிடும். அல்லாருக்கும் வேலை பூடும்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதும் நான் அதையே சொன்னேன். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். அந்த வலியிலும் நீ திரும்பி என்னைப் பார்த்தாய். கட்டுப் போட்டு வெளியே வந்த பிறகுதான் வாய் திறந்தாய்.

"இன்னாடி சொல்லிட்ட? எங்க வூட்ல கிரைண்டரே இல்லியே. கடையில மாவு வாங்கறவ நானு."

மூன்று மாதம் கழித்து நீ வேலைக்குத் திரும்பிப் போனபோது, கம்பெனியில் விபத்தே நடக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். சங்கத்து ஆட்கள் உனக்காக மனுப் போட்டார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு உனக்கு எதிராக நின்றது. அதை உடைக்க என் சாட்சி ஒன்றுதான் வழி. ஒரு சாயங்காலம் திருவொற்றியூரில் என் வீட்டுக்கே வந்து கேட்டாய்.

"எனக்கும் வேலை பூடும்க்கா" என்றேன்.

நீ கோபப்படவில்லை. "சரி, வுடு" என்றாய். டீ டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பிடித்துக் குடித்துவிட்டுப் போனாய். அன்று நீ என்னைத் திட்டியிருந்தால் நான் வந்திருப்பேனோ? தெரியவில்லை.

பிறகு உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. வாய்தா வாய்தாவாக அலைந்ததில் நீ உடம்பைக் கவனிக்கவில்லை. இருபது நாளில் முடிந்துவிட்டது. உன்னை அடக்கம் செய்து திரும்பிய அன்றுதான் சங்கத்துக்குப் போய், சாட்சி சொல்கிறேன் என்றேன். நீ உயிரோடு இருந்தபோது வராத துணிச்சல்.

கிரைண்டர் கதை பொய், சொன்னது நான், சொல்லச் சொன்னது மேனேஜர் என்று விசாரணையில் சொன்னேன். ஜெனி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மறுநாளே எனக்கு வேலை போனது. அதில் எனக்கு வருத்தமில்லை. இப்போது ஒரு துணிக் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன்.

ஆனால் அன்று, கிரைண்டர் கதை உடைந்ததும், கம்பெனி வக்கீல் பேச்சை மாற்றி இன்னொரு கேள்வியும் கேட்டார். அந்த மிஷினில் இரண்டு பட்டன். இரண்டையும் இரண்டு கையாலும் அமுக்கினால்தான் அச்சு இறங்கும். அப்போது கை உள்ளே இருக்க வழியில்லை. உன் மிஷினில் வலது பட்டன் அமுங்கியபடியே கட்டப்பட்டிருந்தது. "வேகமா அடிக்கறதுக்காக அந்தம்மாவே கட்டிக்கிட்டாங்க. இல்லேன்னா வேற யார் கட்டினது?" என்றார்.

"தெரியாது" என்றேன்.

அக்கா, அதைக் கட்டியது நான். மூடி எண்ணிக்கை குறைகிறது என்று மேனேஜர் கத்தினார் என்று, சைக்கிள் டியூப் துண்டை எடுத்து வந்து என் கையால் இறுக்கிக் கட்டினேன். "வேணாம்டி, பயமா கீது" என்றாய். "ஒண்ணும் ஆவாது, நான் பாத்துக்கறேன்" என்றேன். அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

ஆணையில், பட்டனை நீயே கட்டினாய் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று இருக்கிறது. அதனால்தான் உன் பக்கம் தீர்ப்பானது. ஜெனி அந்த வரியில் விரலை வைத்து என்னைக் கேட்டாள்.

"நிரூபிக்கலன்னா இன்னா சித்தி? அம்மா கட்டலன்னு அர்த்தமா, இல்ல கட்டியும் இருக்கலாம்னு அர்த்தமா? அம்மா அப்டி செஞ்சிருக்குமா?"

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "தெரிலம்மா" என்றேன். உன் பிள்ளையின் மனதில் உன்மேல் ஒரு சந்தேகத்தை விட்டுவிட்டு வந்து, அன்று ராத்திரி சாப்பிட்டுத் தூங்கவும் செய்தேன்.

இனி முடியாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜெனி வீட்டுக்குப் போகிறேன். இந்தக் கடிதத்தையேதான் இதழுக்குக் கொடுக்கப்போகிறேன்; ஆனால் இதை அச்சில் பார்த்து அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. நானே வாயால் சொல்வேன். அவள் கதவைச் சாத்தினால் வாசலில் நின்று சொல்வேன். சித்தி என்று அவள் என்னைக் கூப்பிட்டது போதும் என்று முடிவு செய்தால், அதையும் வாங்கிக்கொண்டு வருவேன். உன்மேல் தப்பில்லை என்று அவளுக்குத் தெரியாமல் இன்னொரு வாரம் போகாது. இது சத்தியம் அக்கா.

தங்கச்சி என்று எழுதக் கை கூசும்,
உன் கலா