டிஸ்க்கில் ஊசி போடும் நாள்

ஆன்சன் அப்பா,

நீங்கள் பரவை மார்க்கெட்டிலிருந்து திரும்புவதற்குள் நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன். ஹாட்பாக்ஸில் இட்லி இருக்கிறது, சட்னி ஃப்ரிட்ஜில். கேஸ்காரர் வந்தால் சிலிண்டரை அவரையே உள்ளே வைக்கச் சொல்லுங்கள். இந்த வீட்டில் ஒரு முதுகு போனது போதும்.

"ஆராய்ச்சி பண்ண உன் முதுகுதான் கெடச்சுச்சா?" என்று நேற்றுக் கத்தினீர்கள். நானும் கத்தினேன். என் இடுப்பெலும்பிலிருந்தே மஜ்ஜையை எடுத்து, அதிலுள்ள ஸ்டெம் செல்லைத் தேய்ந்துபோன டிஸ்க்கில் ஊசியாகப் போடுவார்கள். கட்டாயம் குணமாகும் என்று டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் இந்த வலியோடு வகுப்பில் கரும்பலகை முன்னால் இனியும் என்னால் நிற்க முடியாது.

நீங்கள் வரவேண்டாம். பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா என்கூட வருகிறார்.

பி.கு: பயமாக இருக்கிறது. எழுந்ததும் கால்விரல்களை அசைத்துப் பார்த்தேன். செருப்பு மாட்டும்போது மறுபடியும் பார்த்தேன்.

எஸ்தர் அக்கா பாவம், அதிர்ந்து பேசமாட்டார். ஆட்டோ பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம், "அண்ணே, மெதுவாப் போங்க, எம் பொண்டாட்டி முதுகு தாங்காது" என்று கத்துவீர்களே, திரும்பி வரும்போது அந்தச் சத்தம் எனக்கு வேண்டும்.

சாப்பிட்டுட்டு வாங்க.