அடுக்குப் பாத்திரத்தில் காய்ச்சிய பீர்

அன்புள்ள அண்ணி,

போன வாரம் வேலூரில் ஒரு மார்வாடி தானியக் கடையின் பின்கட்டில் மழைத்தண்ணீர் புகுந்து, ஒரு மூட்டை பார்லி முளைத்துவிட்டது. அதைக் குப்பையில் கொட்டச் சொல்லிக் கடைக்காரர் ஆளை விரட்டிக்கொண்டிருந்தார். துவரம்பருப்பு வாங்கப் போன என்னை முதலில் எட்டியது வாசனைதான். அப்போதுதான் நறுக்கிய வெள்ளரிக்காயின் வாசனை. முளைத்த பார்லியிலிருந்து அது வரும் என்று எனக்குச் சொன்னது நீங்கள். பருப்பை மறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

தோல் பதனிடும் படிப்புக்காக ஜெர்மனிக்குப் போன அண்ணன் உங்களை மணந்து ஆம்பூருக்கு அழைத்து வந்தபோது, நீங்கள் ஒரு வருடம் தாங்குவீர்களா என்று சந்தேகப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. நீங்களோ பக்கத்து வீட்டு பீபியம்மாவிடம் தமிழ் கற்று, கத்தரிக்காய்க்காரரிடம் "இன்னாபா, நேத்து கம்மி, இன்னிக்கி ஜாஸ்தியா? பேஜார் பண்ணாத" என்று பேரம் பேசத் தொடங்கினீர்கள். வேலூர்க் கல்லூரியில் வேதியியல் கற்பித்துவிட்டு வார இறுதியில் வரும் என்னை 'லெக்சரம்மா' என்று கூப்பிட்டீர்கள். அதில் கேலி பாதி, மரியாதை பாதி.

பிறகு எழுபதுகளின் நடுவில், உங்கள் அப்பா இறந்த செய்தி வந்தது. கடிதம் நம் வீட்டுக்கு வருவதற்குள் அவரை அடக்கம் செய்து வாரங்கள் ஆகியிருந்தன. போதகர் வந்து ஜெபித்தார். அம்மா எல்லாருக்கும் காபி கொடுத்தார். வந்தவர்களுக்கு நீங்கள் கைகூப்பி நன்றி சொன்னீர்கள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வேறு யாருடைய துக்கத்துக்கோ வந்தவர் போல இருந்தீர்கள். ஒரு நாள் சாப்பாட்டின்போது சாதாரணமாகச் சொன்னீர்கள்.

"அத்தை, எங்கப்பாவுக்கு நான் ஒரு பீர் காய்ச்சணும்."

அவர் தன் கிராமத்துக்கே பீர் காய்ச்சியவர் என்று எனக்கும் அம்மாவுக்கும் அன்றுதான் தெரிந்தது. காய்ச்சுகிறவர் இறந்தால் அடுத்த பீரை அவருடைய பிள்ளை காய்ச்ச வேண்டும், அது உங்கள் வீட்டு வழக்கம். நீங்கள் ஒரே பிள்ளை. "அதக் குடிச்சாதான் அவர் செத்துட்டார்னு நம்புவோம். எனக்கு இன்னும் நம்பிக்க வரல" என்றீர்கள்.

அம்மாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "பைபிள் படிக்கிற வூட்ல சாராயமா?"

"மதுவிலக்கு வேற" என்றார் அண்ணன். "போலீஸ் வந்தா நா இன்னா சொல்றது?"

"எங்க மாமனார் செத்துட்டார்னு சொல்லுங்க."

அம்மா தட்டிலேயே கையைக் கழுவிவிட்டுக் கேட்டார்: "எவ்ளோ காய்ச்சுவ?"

நம் தொல்லைகள் எல்லாம் அந்தக் கேள்வியில்தான் ஆரம்பித்தன. உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவின் அளவு, அதாவது இரண்டு மாடுகளைக் குளிப்பாட்டலாம் என்று நீங்கள் வர்ணித்த மரத்தொட்டி. பெரிதாகக் காய்ச்சினால்தான் சரியாக வரும் என்று அண்ணன் பிரியாணிக் கடையிலிருந்து அகன்ற அண்டா போன்ற தேக்சா ஒன்றை இரவல் வாங்கி வந்தார். நோயாளிகளுக்குக் கஞ்சி வைக்கும் வெள்ளை பார்லி முளைக்கவே இல்லை என்பதால், மார்வாடிகள் பூஜைக்கு வாங்கும் தோலுள்ள பார்லியை நான் வேலூரிலிருந்து கொண்டுவந்தேன். முளைகட்டி, மாடியில் காயவைத்து, லேசாக வறுத்து, கல் ஏந்திரத்தில் குருணையாக உடைத்தோம். அவ்வளவு அகலமான தேக்சாவில் அது அடியில் மெல்லிய பாய் போலப் படிந்தது. ஊற்றிய வெந்நீர் சட்டென்று ஆறிவிட்டது. இறங்கிய சாறு சேறாக இருந்தது. மறுநாள் புளித்து நாறியது.

அடுத்து இட்லிப் பானை. அதில் பார்லி அதிகமாகி, வடிகட்டும் துணி அடைத்து, ஒரு சொட்டும் இறங்கவில்லை. "சின்னதும் ஆவல, பெருசும் ஆவல, இன்னா வூடு இது?" என்று பானையைத் திட்டினீர்கள்.

பாத்திரத்தின் கொள்ளளவையே நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். உங்கள் அப்பா தொட்டிக்குள் கையை விட்டுத்தான் அளப்பாராம். தானியம் முழங்கை ஆழம் நிற்க வேண்டும். அதை நீங்கள் சொன்னதும் நான் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். ஆழம் இருந்தால் சூடு நிற்கும், தானியமே வடிகட்டியாகும். ஆகவே பார்லி எவ்வளவோ அதற்கேற்ப அகலம்தான் குறைய வேண்டும். நீங்கள் எழுந்து பரணைப் பார்த்தீர்கள். அம்மாவுக்குச் சீராக வந்த பித்தளை அடுக்கு அங்கே இருந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும், உயரமான, ஈயம் பூசிய பாத்திரங்கள்.

அம்மா நாற்காலியை நகர்த்திப் போட்டார், நீங்கள் ஏறுவதற்கு.

சின்ன அடுக்கின் அளவுக்கு ஏற்ப, ஓட்டை போட்ட தட்டு ஒன்றைக் குட்டைக் கால்களோடு பாத்திரக்காரர் செய்து கொடுத்தார். தட்டுக்கும் பாத்திரத்துக்கும் இடையிலிருந்த சந்தில் குருணை நழுவியது. அண்ணன் பெருமையாக ஒரு தோல் வளையம் வெட்டி வந்தார். ஆவாரம்பட்டையில் பதனிட்ட நம் தோல். வெந்நீர் பட்டதும் பட்டைச் சத்து முழுவதும் சாற்றில் இறங்கிவிட்டது. ஒரு வாய் வைத்ததும் என் நாக்கு சுருங்கியது.

"ஃபர்ஸ்ட் குவாலிட்டி தோலும்மா அது" என்றார் அண்ணன்.

"தெரியுது. இது குடிக்கிறது இல்லீங்க. இடுப்புல கட்டிக்கிறது."

அன்றுதான் அந்தக் கடிதத்துக்குப் பிறகு நீங்கள் முதல் தடவையாகச் சிரித்தீர்கள். அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

தோலுக்குப் பதில் பழைய வேட்டியை முறுக்கிச் சுற்றினோம். சின்ன அடுக்கைப் பெரிய அடுக்குக்குள் வைத்து இடையில் உமியை நிரப்பினோம். மூடி, கம்பளி போர்த்தினோம். கல்லூரியிலிருந்து நான் கொஞ்சம் அயோடின் கொண்டுவந்திருந்தேன். வெள்ளைச் சாசரில் ஒரு சொட்டுச் சாறு, அதன்மேல் ஒரு சொட்டு அயோடின். கருநீலமானது. மாவுச்சத்து. கொஞ்ச நேரம் கழித்து எடுத்த சொட்டு ஊதாவானது. பிறகு செம்பழுப்பு. கடைசியில் அயோடின் தன் மஞ்சளாகவே நின்றது. அடுக்கிலிருந்து சாற்றை விரலில் தொட்டு நக்கிப் பார்த்தேன். தேன் போல இருந்தது. யாரும் சர்க்கரை போடவில்லை. கையால் கிண்டக்கூட இல்லை. மாவுச்சத்து சர்க்கரையாகும் என்று பல வருடங்களாக நான் கரும்பலகையில் எழுதி அழித்த சமன்பாடு, நம் சமையலறையில், கம்பளிக்கு அடியில், தானாக நடந்திருந்தது. நான் எதற்கும் எளிதில் மலைப்பவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அன்று அந்தச் சாசரை எடுத்துக் கழுவ எனக்கு மனம் வரவில்லை.

பட்டைச் சாற்றின் அடர்த்தி பார்க்க அண்ணன் தொழிற்சாலையில் வைத்திருந்த கண்ணாடி மிதவை இந்தச் சாற்றுக்கும் உதவியது. ஊரிலிருந்து நீங்கள் கொண்டுவந்த, தூக்கம் வருவதற்கான சின்னத் தலையணையைப் பிரித்து, உள்ளே இருந்த, பீருக்கும் போடுகிற கசப்புப் பூக்களைச் சாற்றில் போட்டுக் கொதிக்கவைத்தீர்கள். பேக்கரி ஈஸ்ட் சேர்த்த ஜாடி, சமையலறை மூலையில் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அம்மா அதைத் தாண்டும்போதெல்லாம் தொட்டிலில் தூங்கும் குழந்தையைப் பார்ப்பது போலக் குனிந்து பார்த்தார். கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அதைத் திறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்த பிறகு. முன்னறையில் நாம் நால்வர். நீங்கள் ஒரு வாய் குடித்தீர்கள். அண்ணன்தான் கேட்டார், "எப்டி?"

"அப்பாவுது மாதிரி வரல. புளிப்பு ஜாஸ்தி." இன்னொரு வாய் குடித்தீர்கள். "அவர் இதக் குடிச்சா நல்லாத் திட்டுவாரு."

தம்ளரைக் கீழே வைத்தீர்கள்.

"திட்றதுக்கு அவர் இல்ல."

பிறகு அழுதீர்கள். உங்கள் மொழியில் அழுதீர்கள், எனக்கும் அம்மாவுக்கும் ஒரு சொல்லும் புரியவில்லை. அண்ணன் எழப் போனார், அம்மா கையமர்த்தினார். நீங்கள் ஓய்ந்ததும், வாழ்நாளில் மதுவைத் தொடாத அம்மா அந்தத் தம்ளரை எடுத்து மூக்கருகே பிடித்தார்.

"ரொட்டி வாசன வருது" என்றார். அதற்குப் பிறகு, "உங்கப்பா பேரு இன்னாம்மா?"

இத்தனை வருடங்களில் அந்த வீட்டில் யாரும் அதைக் கேட்டதில்லை. நீங்கள் பெயரைச் சொன்னீர்கள். அம்மா அதைத் தன் நாக்குக்கு ஏற்றபடி இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். அவருடைய தொப்பி, அவருடைய கோபம், பனியில் வழுக்கி விழுந்தது என்று விளக்கு வைக்கும் நேரம் வரை பேசினீர்கள். ஆம்பூரைப் பார்த்திராத ஒருவர் எங்கள் முன்னறைக்கு வந்து உட்கார்ந்திருந்தார். அவரை அழைத்து வந்த பீரின் ஒவ்வொரு படியையும் என்னால் வேதியியலாக விளக்க முடியும். விளக்கிய பிறகும் அந்த மலைப்பு சிறிதும் குறைவதில்லை.

பின்னால் சட்டம் தளர்ந்த காலங்களில் வீட்டுக்கு மட்டும் என்றால் சின்ன அடுக்கு, கிறிஸ்துமஸுக்கு ஜோலார்பேட்டைச் சொந்தங்கள் வந்தால் பெரியது என்று வைத்துக்கொண்டீர்கள். பெரியதற்கு வேட்டியை மட்டும் தடிமனாக முறுக்குவீர்கள். ஆழம் மாறியதே இல்லை.

நீங்களும் போய்விட்டீர்கள். அடுக்கு அண்ணனிடம் இருக்கிறது. நான் எதையும் கேட்டு வாங்கவில்லை.

போன மாதம் ஏலகிரியிலிருந்து வரும் என் மாணவி ஒருத்தி தன் அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வகுப்புக்குத் திரும்பினாள். ஆறுதல் சொல்லத் தெரிந்தவள் இல்லை நான். ஆய்வகத்தில் எல்லாரும் போன பிறகு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "உங்கப்பா பேர் இன்னாம்மா?" என்று கேட்டேன். சொன்னாள். எனக்குக் கேட்டது, ஆனாலும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.