இருநூறு மைலுக்குள்

கிரிம்ஸ்பி, இங்கிலாந்து
14 டிசம்பர் 1975

அன்புள்ள தம்பி ஸ்டெயினார்,

உன் கடிதம் கிடைத்தது. கடலோரக் காவல் கப்பலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்று படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஐஸ்லாந்தில் உனக்கு வேறு வேலையே கிடைக்கவில்லையா?

கரையிலிருந்து இருநூறு மைல் கடலும் எங்களுடையது என்று நம் ஐஸ்லாந்து அரசாங்கம் சொல்கிறது. அதற்குள்ளே வலை போடாவிட்டால் இந்த ஊரில் அடுப்பு எரியாது. உன் அத்தான் வில்ஃப் நேற்று மறுபடி அங்கேதான் கிளம்பினார். ரொட்டிக்கடையில் நான் நுழைந்தால் பேச்சு நின்றுபோகிறது. பக்கத்து வீட்டு டோரீன் மட்டும் நேராகவே கேட்டாள்: "உங்க ஆளுங்க எங்க வலையை அறுக்கறாங்களே, உனக்குச் சோறு இறங்குதாடி?" இந்த ஊரில் எனக்கு முதலில் தேநீர் போட்டுக் கொடுத்தவள் அவள்.

'லேடி எடித்' என்ற மீன்படகைக் கண்டால் உங்கள் கப்பலை வேறு பக்கம் திருப்பச் சொல். உன் அத்தான் அதில்தான் இருக்கிறார்.

உன் அக்கா
ஹல்டோரா


ரெய்க்யவிக்
22 ஜனவரி 1976

அன்புள்ள அக்கா,

திருப்பச் சொல்ல நான் என்ன கேப்டனா? வலைக் கம்பியை அறுக்கிற வெட்டுக்கொக்கியைக் கடலில் இறக்குகிறவன். நமக்கு மீனை விட்டால் என்ன இருக்கிறது, நீயே சொல்.

இரண்டு நாடும் ஒரே ராணுவக் கூட்டணி. ரஷ்யாக்காரன் வந்தால் சேர்ந்து நிற்க வேண்டியவர்கள். போன வாரம், மீன்படகுகளுக்குக் காவலாக வந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டது: "காலை வணக்கம், காபி ஆச்சா?" எங்கள் கேப்டன், "ஆச்சு, உங்களுக்கும் வேணுமா?" என்றார். கொஞ்ச நேரத்தில் வந்து எங்கள் கப்பலின் விலாவில் இடித்தார்கள். காபி முழுக்க என் மடியில்.

சிரிக்காதே. பயந்துவிட்டேன். உனக்கு வாக்குக் கொடுக்க முடியவில்லை, அக்கா.

ஸ்டெயினார்


கிரிம்ஸ்பி
3 மார்ச் 1976

அன்புள்ள தம்பி,

ஐஸ்லாந்து பிரிட்டனோடு தூதரக உறவை முறித்துக்கொண்டது என்று டிவியில் சொன்னார்கள். வில்ஃப் எழுந்து அதை அணைத்தார். "இனிமே நீ எந்தப் பக்கம்?" என்றார்.

"உங்களுக்கு உருளைக்கிழங்கு வேகவைக்கிற பக்கம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

வலை அறுந்தது என்று செய்தி வந்தால் இவருக்காக அழுகை வருகிறது. உங்கள் கப்பலை இடித்தார்கள் என்றால் உனக்காக. இந்த வீட்டில் இரண்டையும் வாய்விட்டு அழ முடியவில்லை.

ஹல்டோரா


ரெய்க்யவிக்
9 மே 1976

அன்புள்ள அக்கா,

வேறு யாரும் சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன். லேடி எடித்தைப் பார்த்தோம். கேப்டன், "இறக்கு" என்றார். அத்தான் பின்தளத்தில் ஆட்களோடு நின்றுகொண்டிருந்தார். வலையின் இழுவைக் கம்பி அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி வரும். காலையே எடுத்துவிடும். வயர்லெஸ் அறைக்கு ஓடி, மைக்கைப் பிடுங்கி ஆங்கிலத்தில் கத்தினேன்: "வில்ஃப்! எல்லாரையும் உள்ளே கூட்டிட்டுப் போங்க! கம்பி வருது!"

அவர்கள் தளத்து ஒலிபெருக்கியில் அது கேட்டிருக்க வேண்டும், எல்லாரும் உள்ளே ஓடினார்கள். பிறகு திரும்பி வந்து கொக்கியை இறக்கினேன். ஆமாம், நான்தான். யாருக்கும் அடியில்லை. வலையும் மீனும் போயின.

"யாருடா அந்த வில்ஃப்?" என்றார் கேப்டன். சொன்னேன். கப்பலிலிருந்து என்னை இறக்கிவிட்டார்கள். இப்போது துறைமுகத்தில் கயிறு சுற்றுகிறேன்.

அத்தான் என்ன சொன்னார்? எழுது.

ஸ்டெயினார்


ரெய்க்யவிக்
5 டிசம்பர் 1976

அன்புள்ள அக்கா,

உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. ஜூனில் இரண்டு நாடும் போட்ட ஆறு மாத ஒப்பந்தத்தின் கெடு முடிந்து கடைசி ஆங்கிலப் படகும் போய்விட்டது. இங்கே கொண்டாட்டம். நான் போகவில்லை. நண்பனின் படகில் அத்தானுக்கு வேலை கேட்டு வைத்திருக்கிறேன். இரண்டு பேரும் வந்துவிடுங்கள்.

ஸ்டெயினார்


கிரிம்ஸ்பி
20 மார்ச் 1977

அன்புள்ள ஸ்டெயினார்,

லேடி எடித்தை உடைக்கக் கொடுத்துவிட்டார்கள். ஆயுசெல்லாம் கடலில் கிடந்த வில்ஃபைத் தற்காலிகத் தொழிலாளி என்று வெறுங்கையோடு அனுப்பினார்கள்.

உன் அழைப்பைப் படித்துக் காட்டினேன்.

"அவன் கத்தினதாலதான் என் ஆளுங்களுக்குக் கால் இருக்கு. மறக்க மாட்டேன். கொக்கியை இறக்கினதும் அவன்தான். அதையும் மறக்க மாட்டேன். அங்க வந்து யார் மூஞ்சியில முழிக்கறது? நீ வேணும்னா போ" என்றார். போ என்று சொன்னவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அது அவருக்கே தெரியவில்லை.

நான் வரவில்லை. நீயும் இனி எழுதாதே. உன் கையெழுத்தைப் பார்த்த நாள் முழுக்க அவர் என்னோடு பேசுவதில்லை. பேச எனக்கு இங்கே வேறு யாரும் இல்லை.

நேற்று கடையில் மீன் வாங்கி வந்தார். இந்த வீட்டில் மீனை விலைக்கு வாங்கியது இதுதான் முதல் தடவை. "எந்தக் கடல்னு கேட்டேன்" என்றார். "உங்க ஊர்க் கடலாம்."

பொரித்து வைத்தேன். இருவரும் சாப்பிட்டோம். "நல்ல மீன்" என்றார். அப்புறம் முள் எடுக்கிற மாதிரி தட்டின் மேல் குனிந்துகொண்டார். வெகுநேரம் நிமிரவேயில்லை.

ஹல்டோரா