இரண்டு விரல் தள்ளி மைக்

மாப்ளே,

இன்று காலை பேத்தியின் செல்போனில் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். புதுப் பாட்டு. அடியில் ஏதோ இடித்துக்கொண்டே போக, இவள் மட்டும் காதோரம் வந்து பேசுவதுபோல மெல்லப் பாடினாள். உடனே உன் நினைப்பு வந்துவிட்டது. எனக்கு எழுதத் தெரியாது. சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள். சொல்வதற்கே இப்போதெல்லாம் மூச்சு வாங்குகிறது.

நீ ஐந்து கட்டையில் பாடியவன். நாடக மேடையில் ராஜா வேஷத்தில் நீ வாயைத் திறந்தால் மைக் செட்டுக்காரனான எனக்கு வேலையே இருக்காது. பிறகு உன் தொண்டை போனது. இனிக் கத்தினால் பேச்சும் போய்விடும் என்றார் டாக்டர். திண்டுக்கல் பூ மண்டியில் எடை போட உட்கார்ந்தாய். யாராவது பாடச் சொன்னால் எழுந்து போய்விடுவாய்.

அந்தச் சமயத்தில்தான் வத்தலக்குண்டில் பழைய சாமான் கடையில் அந்த இசைத்தட்டு கிடைத்தது. கொடைக்கானலிலிருந்து ஊருக்குப் போன வெள்ளைக்காரர்கள் விட்டுச் சென்றது. உறையில் ஒரு கறுப்பு அம்மாவின் படம், தட்டில் சிவப்பு லேபிள். எனக்கு அதுதான் அடையாளம். என் கடையில் ஓட்டினேன். நீ கேட்டாய்.

“என்ன மாப்ளே, இவளுக்கும் தொண்டை கட்டிருக்கா?”

“கட்டல. பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி பாடுறா.”

மறுபடியும் போடச் சொன்னாய். “தாளம் முன்னால போகுது, இவ செத்த நேரம் நின்னுட்டு வாரா பாரு. பஸ்ஸ விட்டுருவான்னு நெனச்சேன். ஓடாமலே ஏறிட்டா.”

கல்யாணத்துக்கு செட் பேச வந்த இளவட்டங்கள் முகம் சுளித்தார்கள். “எழவு வீடு மாதிரி இருக்குண்ணே. புதுப் பாட்டுப் போடுங்க.” நீ கோபிக்கவில்லை. “அதையும் போடு மாப்ளே. காலு சும்மா கெடக்குதுல்ல” என்று அந்தப் பாட்டுக்கும் தாளம் போட்டாய்.

உன் மகள் கல்யாணம் சாணார்பட்டிப் பக்கம் நடந்தது. தாலி கட்டி முடிந்ததும் அவள் கேட்டாள். “ஊரு பூரா பாடுனீக. எனக்கு மட்டும் ஒண்ணுமில்லையாப்பா?”

உன்னால் மறுக்க முடியவில்லை. நாடகப் பழக்கத்தில் மைக்கை விட்டு ஒரு கை தூரம் தள்ளி நின்றாய். காற்றுதான் வந்தது. என் பழக்கம் சத்தத்தைக் கூட்டுவது, கூட்டினேன். குழாய் ஸ்பீக்கர் கூவியது. பந்தலே சிரித்தது.

“மாமா, மைக்கே பாடிருச்சு. நீங்க உக்காருங்க” என்றான் ஒருவன்.

நீ இறங்கப் போனாய். அப்போதுதான் எனக்கு அந்தச் சிவப்பு லேபிள் ஞாபகம் வந்தது. சத்தத்தைக் குறைத்து, மைக்கை உன் உதட்டுக்கு இரண்டு விரல் தள்ளி வைத்தேன்.

“கத்தாத. அவள மாதிரி பேசு.”

மகளைத் தொட்டிலில் போட்டுப் பாடிய தாலாட்டை எடுத்தாய். கச்சேரிக்கு வந்திருந்தவரின் தபலா முன்னால் போயிற்று. நீ நின்றாய். தபலாக்காரர் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தார். அப்புறம் நிதானமாக வந்து ஏறிக்கொண்டாய். கரகரத்த குரல்தான். சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

மகள் உன் கையைப் பிடித்துக்கொண்டாள். “மேடையில எம்புட்டோ கேட்டிருக்கேன். இம்புட்டுப் பக்கத்துல கேட்டதில்லப்பா.”

நீ போய்ப் பல வருஷமாயிற்று. செட்டை விற்றாயிற்று, அந்தத் தட்டும் வெயிலில் வளைந்து போனது. பேத்தியின் பாட்டுக்காரி அந்த அம்மாவைக் கேட்டிருப்பாளோ என்னவோ, நிற்பது அதே இடத்தில்தான்.

என் குரலும் இப்போது தேய்ந்துவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து மகன் போன் பண்ணுவான். “கேக்கலப்பா, சத்தமாப் பேசுங்க” என்பான். சத்தமாகப் பேசத் தெம்பில்லை மாப்ளே. போனை உதட்டுக்கு இரண்டு விரல் தள்ளி வைத்துக்கொள்கிறேன். செத்த நேரம் நின்றுவிட்டு, மெல்லச் சொல்கிறேன்.

“இப்பக் கேக்குதுப்பா” என்கிறான்.