படிவத்தில் ஒரு பதில்

ஜானட் அப்பாவுக்கு,

விசாகப்பட்டினத் துறைமுகத்தில் வேலை அதிகமென்று தெரியும். ஜானட்டின் படிப்புப் பணத்தை மியூச்சுவல் ஃபண்டில் போட ஏஜெண்ட் பென்னி நேற்று வந்தார். அவர் சொன்ன ஐந்து ஃபண்டுகளும் பங்குச்சந்தையையே நம்பியவை. ஏன் என்றதற்கு, நாம் எவ்வளவு நஷ்டம் தாங்குவோம் என்று கணிக்க நீங்கள் நிரப்பிக் கொடுத்த படிவத்தைக் காட்டினார்.

"உங்களைச் சார்ந்திருப்பவர்கள்" என்ற இடத்தில் "யாருமில்லை" என்றிருந்தது. எழுத்து உங்களுடையதுதான்.

"இதுக்குப் போய் இன்னாக்கா பேஜாரு? அப்டிப் போட்டாதான் ரிஸ்க் ஜாஸ்தி எடுக்கலாம். அண்ணன் அதுக்குத்தான் போட்டுகீறாரு" என்று பென்னி சிரித்தார்.

இருக்கலாம். ஆனால் ஈஸ்டருக்கும் நீங்கள் வரவில்லை.

புதுப் படிவம் வாங்கி "மனைவி, மகள்" என்று எழுதியிருக்கிறேன். பாதிப் பணம் நஷ்ட பயம் குறைந்த கடன் பத்திர ஃபண்டுக்குப் போகட்டும். படிவத்தைத் தபாலில் அனுப்பமாட்டேன். கையெழுத்துப் போட நேரில் வாருங்கள்.

உங்கள் மனைவி